சி டிரைவே இல்லாத கம்ப்யூட்டரில் 13 வைரஸ்

போலி வைரஸ் எச்சரிக்கையில் மாட்டிக்கொண்டு வருபவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார். "தம்பி, 13 வைரஸ் இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. சரி பண்ண 2,999 ரூபாய் கட்டினேன். இப்ப 21 ஆயிருச்சு" என்றார். கட்டுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா சார் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

சொன்னது கம்ப்யூட்டர் இல்லை சார், பிரவுசரில் திறந்த ஒரு வெப் பக்கம். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு வெப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குள் புகுந்து வைரஸ் தேட முடியாது. பச்சைக் கோடு நகர்வதும், ஃபைல் பெயர்கள் சரசரவென ஓடுவதும், சிவப்பில் எண்ணிக்கை ஏறுவதும் முன்பே செய்துவைத்த அனிமேஷன். நம்பிக்கை வரவில்லையா? ஆசிரியர் பார்த்த அதே பக்கத்தைக் கடையில் சும்மா கிடக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் வேறொரு சிஸ்டம். சி டிரைவ் என்பது விண்டோஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர், லினக்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. அந்தப் பக்கமோ கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'சி டிரைவில் 13 வைரஸ்' என்றது. அதே 13. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

அப்போதே பக்கத்தை மூடியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அவரோ அந்தப் பக்கம் கொடுத்த ஃபைலை இறக்கி, விண்டோஸ் அனுமதி கேட்டபோது 'யெஸ்' கொடுத்து, கதவைத் திறந்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்.

பல பேருக்கு அதுகூட நடந்திருக்காது. ஏதோ படம் பார்க்கும் தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோவ் அழுத்துங்கள்' என்று வந்திருக்கும், அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து வலது கீழ் மூலையில் ஓயாமல் வைரஸ் எச்சரிக்கை. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் வேலை முடிந்தது. இரண்டு நிமிடம். இதற்குக் காசு வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கும். (இதற்கே ஃபார்மட் அடித்து பில் போடுகிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. சொன்னால் பொல்லாப்பு.)

நிஜமாகவே இன்ஸ்டால் ஆகிவிட்டதா? முதலில் வைஃபையை நிறுத்துங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால் புதிதாக வந்த ஆசாமி மேலே நிற்பான், நீக்குங்கள். போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் நீக்குங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில், டிஃபெண்டர் என்ற வைரஸ் ஒழிப்பு புரோகிராமின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகும், கால் மணி நேரம் பிடிக்கும், நடுவில் பவர் பட்டனில் கைவைக்காதீர்கள். டிஃபெண்டர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருவது, பைசா கிடையாது. பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம்களான எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு பார்வை பாருங்கள், தெரியாதது இருந்தால் நீக்குங்கள்.

திரை முழுக்க மறைத்துக்கொண்டு சைரன் அலறினால் பதறவேண்டாம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். மசியவில்லையா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்கும், கொடுக்காதீர்கள்.

அதில் ஒரு போன் நம்பர் இருக்குமே, அதற்கு மட்டும் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதில்லை. கூப்பிட்டு, அங்கே பேசியவன் சொன்ன, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் ஆப்பையும் போட்டுவிட்டீர்களா? நெட்டை வெட்டுங்கள், பேங்குக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பாஸ்வேர்டை வேறு கருவியில் இருந்து மாற்றுங்கள். மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். திட்டுவானோ என்று மறைக்கவும் வேண்டாம்.

ஆசிரியருக்கும் கார்டை முடக்கி, 1930க்குப் புகார் சொல்லவைத்து, லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தேன். படியிறங்கப் போனவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்த 21 வைரஸையும் எடுத்தாச்சுல்ல தம்பி?"