சொல் விளக்கம்: ஆக்கிரமிப்பு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பெரியவர்கள் யாரும் ‘ஜப்பானிய ஆக்கிரமிப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த நாள்களை ‘ஜப்பான்காரன் காலம்’ என்பார்கள். அரிசிக்குப் பதில் தின்ற மரவள்ளிக்கிழங்கு, ஜப்பான் அச்சிட்டுப் பிறகு செல்லாக்காசாகிப்போன வாழைமர நோட்டு, சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்குப் பிடித்துப் போன ஆள்கள் எல்லாம் அதில் அடக்கம்.

‘ஆக்கிரமிப்பு’ வடமொழி வழி வந்தது. ‘க்ரம்’ என்றால் அடியெடுத்து வைத்தல். ‘ஆ’ முன்னால் சேர்ந்ததும் மேலேறி மிதித்தல், தாக்குதல் என்றாயிற்று. தமிழில் இதற்கு மூன்று வேலை. படையெடுப்பதும் ஆக்கிரமிப்பு, பிடித்த நாட்டைப் படைபலத்தால் வைத்திருப்பதும் ஆக்கிரமிப்பு, ஆற்றோரப் புறம்போக்கில் கொட்டகை போடுவதும் ஆக்கிரமிப்பு. தோட்டத்தை மூடிய பிறகும் லயத்து வீட்டை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டுப் போகாதவரையும் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆக்கிவிடுகிறோம். மூன்று தலைமுறையாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரும், மலாயாவைப் பிடித்த ஜப்பானியத் தளபதி ஜெனரல் யமாஷித்தாவும் ஒன்றா?

சர்வதேசப் போர்ச் சட்டம் இவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. 1907 ஹேக் விதிமுறைகளின் 42ஆம் விதிப்படி, எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்ட நிலப்பரப்புதான் ஆக்கிரமிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பிடித்தவர் நிர்வாகம் பார்க்கலாம். நாடு அவருக்குச் சொந்தமாகாது. 1943 அக்டோபரில் மலாயாவின் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தது. சுங்கைப்பட்டாணியும் சேர்ந்தே போனது. 1945இல் போர் முடிந்ததும் நான்கும் திரும்பி வந்தன.

பிடிபட்ட நாட்டின் நாளைய கதியைப் பற்றி வல்லுநர்கள் மோதிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்துப் பிடித்த ஈராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம், 1483ஆம் தீர்மானத்தில், அமெரிக்காவையும் பிரிட்டனையும் அந்நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் அரசுகளாகவே குறிப்பிட்டது. முன்னாள் அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் டாபின்ஸ், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியையும் ஜப்பானையும் அமெரிக்கா பிடித்து வைத்திருந்த அனுபவங்களைக் காட்டி, ஆளும் பணமும் ஆண்டுக்கணக்கில் பொறுமையும் வேண்டும், பாதியில் கிளம்பினால் தோல்விதான் என்றார். வரலாற்றாசிரியர் ஜான் டவர் ஜப்பான் உதாரணத்தை ஏற்கவில்லை. ஜப்பானில் மன்னரே ஒத்துழைத்தார், அரசு இயந்திரம் குலையாமல் இருந்தது, ஈராக்கில் அப்படி எதுவுமில்லை என்பது அவர் வாதம். அமெரிக்க வெளியுறவு வல்லுநர் லெஸ்லி கெல்ப் அதே ஆண்டு நவம்பரில், ஈராக் குர்து, சன்னி, ஷியா என மூன்று நாடாகப் போகட்டும் என்று எழுதினார். எனக்கு இடறுவது கெல்பின் யோசனைதான். பிடித்து வைத்திருப்பவன் கூறு போடலாம் என்றால், ஜப்பான் கெடாவுக்குச் செய்ததையும் சரி என்றல்லவா சொல்ல வேண்டும்? 2004 ஜூன் 28 அன்று ஆட்சி ஈராக்கியரிடம் ஒப்படைக்கப்பட்டது. படைகள் அங்கேயே இருந்தன. பிடி விட்டதா இல்லையா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.

சரியான தமிழ்ச்சொல் எது? ஈழத்து எழுத்தில் ‘வல்வளைப்பு’ வழங்குகிறது. வலிந்து வளைத்தல். நல்ல சொல், ஆனால் அது படை நுழையும் கட்டத்துக்கே பொருந்துகிறது. ராஜேந்திர சோழனின் ‘கடாரம் கொண்டான்’ பட்டத்தில் உள்ள ‘கொள்’, கடாரம் என்பதே கெடா என்பதால், கெடாக்காரர்களுக்கு நெருக்கமானதுதான் என்றாலும், ‘எனதாக்கிக்கொண்டேன்’ என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. சட்டம் மறுப்பதே அதைத்தான். என் ஓட்டு ‘படைப்பிடி’க்கு. ‘ஜப்பான் பிடியில் இருந்தபோது’ என்று ஏற்கெனவே பேசுகிறோம், புதிதாகப் பழக வேண்டியதில்லை. புறம்போக்குக் கொட்டகைக்கு ‘அத்துமீறல்’ போதும். லயத்து வீட்டுக்காரருக்கு இதில் எதுவும் வேண்டாம். ‘குடியிருப்பவர்’ என்றே எழுதலாம்.