பிறர்நிலை நோக்கு: சொல்லும் பயிற்சியும்

மருத்துவக் கல்வியில் பேசப்படும் ‘பர்ஸ்பெக்டிவ் டேக்கிங்’, அதாவது பிறர் இடத்திலிருந்து பார்த்தல், என்ற தொடரில் ‘பர்ஸ்பெக்டிவ்’ லத்தீன் வழிவந்தது. ‘பெர்’ என்றால் ஊடாக, ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்த்தல். இடைக்காலத்தில் ஒளியியலைக் குறித்த சொல், பிறகு ஓவியத்தில் தொலைவைக் காட்டும் முறைக்கும் பெயரானது. நிற்கும் இடத்துக்கு ஏற்பக் காட்சி மாறும் என்பதே இதன் அடிப்படை.

தமிழில் ‘கண்ணோட்டம்’ என்று சொல்லலாமா? ஆசைதான். ஆனால் திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துத் தலைப்பான அந்தச் சொல்லுக்கு அங்கே இரக்கம் என்று பொருள். இன்று வெறும் கருத்துநிலை. ‘ஒத்துணர்வு’ பிறர் உணர்வைத் தானும் உணரும் எம்பதிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இது உணர்ச்சியைவிட அறிவின் வேலை: எதிரில் இருப்பவருக்கு அங்கிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கணிப்பது. மருத்துவ மாணவர்களின் எம்பதியை அளக்கும் ஜெஃபர்சன் அளவுகோலிலும்கூட 20 கூற்றுகளில் 10 இந்தத் திறனுக்கு உரியவை. ‘பிறர்நிலை நோக்கு’ என்பதே சரியான சொல்.

நோயாளியிடம் இதைப் பழகும்போது ஒரு பிழை நேர்கிறது. ‘இது எனக்கு வந்தால்?’ என்று நினைக்கும் மாணவர் தானே கலங்கிப்போகிறார். ‘இவருக்கு இது எப்படி இருக்கிறது?’ என்று நினைத்தால் அக்கறை வரும், கலக்கம் குறையும். இந்த வேறுபாட்டை உளவியலாளர் டேனியல் பேட்சன் குழுவினர் 1997இல் சோதனையில் காட்டினார்கள். நினைத்ததோடு விடாமல் நோயாளியிடம் கேட்டும் சரிபார்க்க வேண்டும்.

ஆசிரியர் மாணவரின் நிலையை நோக்குவதும் இதில் அடங்கும். பலரும் மறப்பது இதைத்தான். கழுத்துச் சிரையின், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளத்தின், துடிப்பைக் காட்டும் வகுப்பைப் பாருங்கள். நோயாளி ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கிறார், ஆசிரியர் வலப்பக்கம் நிற்கிறார், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. ஆசிரியருக்கு அந்த மெல்லிய அசைவு தெரிகிறது. கால்மாட்டில் நிற்கும் மாணவருக்குப் போர்வையும் முன்வரிசையின் முதுகும்தான் தெரியும். “தெரிகிறதா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், தெரியவில்லை என்று எட்டுப் பேர் முன்னால் சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்? அதனால் கேட்பதற்கு முன் ஆசிரியர் கால்மாட்டுக்கு நடந்துபோய் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு நோயாளியின் சம்மதத்தோடு இருவர் இருவராக வலப்பக்கம் அழைத்து, துடிப்பின் மேல்விளிம்பை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். யார் சிரைக்குப் பதில் அருகிலுள்ள தமனியின் துடிப்பைக் காட்டுகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.