ஒன்றிய விரிவாக்கம்: விரிப்பதா, சேர்வதா?

காசிமேட்டு டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கத்துக்கு ஒரு பக்கம் ஆதரவு, ஒரு பக்கம் எதிர்ப்பு என்று செய்தி. பக்கத்தில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்தினார். “எந்த யூனியன்பா, ஹார்பர் யூனியனா?”

நியாயமான கேள்வி. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததிலிருந்து வடசென்னைக்கு யூனியன் என்றால் தொழிற்சங்கம். நாடுகள் கூடினால் அதே சொல்லுக்குத் தமிழ் ‘ஒன்றியம்’. லத்தீனில் ‘யூனஸ்’ என்றால் ஒன்று. யூனியன் அதன் வழி வந்தது. நம் சொல்லும் ‘ஒன்று’ என்பதிலிருந்தே பிறந்தது, ஆனால் எண்ணோடு நிற்கவில்லை. மனம் ஒன்றிப் படித்தான் என்கிறோமே, அந்த ஒன்றுதல் இதில் இருக்கிறது.

சிக்கல் ‘விரிவாக்கம்’ என்பதில். விரிவு தானாக நிகழலாம். ஆக்கம் சேர்ந்தால் ஒருவர் செய்வதாகிறது. சென்னை மாநகராட்சிக்கு இது சரியாகப் பொருந்தும். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் அரசாணையால் உள்ளே வந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. ஐரோப்பாவில் அப்படி இல்லை. நுழைய விரும்பும் நாடு விண்ணப்பிக்க வேண்டும், இருக்கும் நாடுகள் அத்தனையும் ஒப்ப வேண்டும். இன்று அவை 27. நான் அதை ‘உறுப்புநாட்டுச் சேர்க்கை’ என்றே எழுதுவேன். வருகிற நாடு சேர்கிறது, இருக்கிற நாடுகள் சேர்க்கின்றன. தன்வினை, பிறவினை இரண்டுக்கும் ‘சேர்க்கை’ இடம் கொடுக்கிறது.

ஆதரவு இடத்துக்கு இடம் மாறுவதும் இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில்தான். 2004இல் சேர்ந்த போலந்திலும் லித்துவேனியாவிலும் புதிய நாடுகளைச் சேர்க்க ஆதரவு அதிகம்; ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் தயக்கம். ஒரே நாட்டுக்குள்ளும் பிளவு வரும். 1994 நவம்பரில் ஒன்றியத்தில் சேரலாமா என்று நார்வே வாக்கெடுப்பு நடத்தியது. தலைநகர் ஆஸ்லோவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும் என்றார்கள். வடகோடி ஃபின்மார்க்கில் நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். நாடு முழுக்க 52.2 சதவீதம் எதிர்ப்பு. நார்வே வெளியிலேயே நின்றுவிட்டது. வடக்கு முழுக்க மீன்பிடிக் கரை. சேர்ந்தால் தங்கள் கடலின் மீன்வளம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் அங்கே பெரிதாக இருந்தது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கேட்டார்: “சேந்துட்டா, நம்ம தண்ணில அவன் வந்து வலை விரிப்பானா?”

ஃபின்மார்க்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள்.