வயிற்றுவலி என்று நினைத்தார்கள்: காட்டில் கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, 22 வயதுப் பிள்ளை ஒருவனை மூன்று நண்பர்கள் தூக்கிக்கொண்டு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடிவந்தார்கள். இமைகள் பாதி மூடிக் கிடந்தன. தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது.

"இரவு கோழி சரியாக வேகவில்லை, டொக்டர். அதுதான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றான் ஒருவன்.

"எங்கே படுத்திருந்தான்?"

"கூடாரத்துக்குள் வெக்கை. வெளியே பாய் விரித்துப் படுத்தான்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அது பாம்புக்கடி. இந்த வருடம் இதே கதையோடு வந்த மூன்றாவது பிள்ளை அவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நால்வரும் திருகோணமலை நகரத்துப் பிள்ளைகள். கந்தளாய் தாண்டி, கவுடுல்லை தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஒரு குளக்கரையில் முகாமிட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாகத் திட்டம் போட்டார்களாம். கூடாரம், கோழி சுடும் அடுப்பு, ஒலிபெருக்கி, படம் எடுக்க ட்ரோன் என்று ஒன்றும் குறையவில்லை. யார் எங்கே படுப்பது, இரவு 2 மணிக்கு ஒருவனுக்கு ஏதாவது ஆனால் யார் வாகனம் ஓட்டுவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அவனைக் கடித்தது எண்ணெய் விரியன். கட்டுவிரியன் என்றும் சொல்வார்கள். எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் மிதித்தால்கூடப் பெரும்பாலும் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். இரவில்தான் இரை தேடி அலையும். தரையில் தூங்குகிறவனின் பக்கத்தில் வரும். அவன் புரண்டு படுத்தால் கடிக்கும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். எண்ணெய் விரியன் கடித்தால் வலிக்காது. வலித்தாலும் நுளம்பு கடித்த அளவுக்குத்தான். வீங்காது. இரத்தம் வராது. பற்கள் மிகச் சிறியவை என்பதால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் பல சமயம் தடயம் அகப்படாது. தூக்கத்தில் கடிபட்டவர் விழிக்காமலே தூங்கிவிடுவதும் உண்டு. ஆனாலும் வாரம் தவறாமல் யாராவது எனக்குப் பாடம் சொல்கிறார்கள்: "பாம்பு கடித்திருந்தால் வலித்திருக்குமே, டொக்டர்." "கால் வீங்கவில்லையே, விஷமில்லாத பாம்பாக இருக்கும்." படித்தவர்கள், ஆசிரியர்கள்கூடச் சொல்கிறார்கள். கண்ணாடி விரியன் கடித்தால் வலிக்கும், வீங்கும். பெரும்பாலும் நாகம் கடித்தாலும் அப்படித்தான். அந்த இரண்டையும் பார்த்துப் பழகிய ஊர், மூன்றாவதையும் அதே அளவுகோலால் அளக்கிறது. வலி இல்லாததை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கோ, தரையில் படுத்தவனுக்கு நடு இரவில் வலியற்ற கடி என்றாலே நெஞ்சு பதறும்.

பிறகு என்ன நடக்கும்? ஓரிரு மணி நேரத்தில் வயிற்றைப் பிசையும் வலி, சிலருக்கு வாந்தி. இந்தப் பிள்ளைக்கு அது அதிகாலை 3 மணிக்கு வந்தது. நண்பர்கள் சோடா கொடுத்து, வாயு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். 6 மணிக்குக் கண் திறக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்றார்கள். 7 மணிக்குப் பேச்சுக் குழறியது. இரவு குடித்தது இன்னும் தெளியவில்லை என்று சிரித்தார்கள். வைத்தியசாலைக்கு வர இன்னும் மூன்று மணி நேரம் எடுத்தது. வழியில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு விஷகடி வைத்தியரின் வாசலிலும் நின்றிருக்கிறார்கள்.

இந்த விஷம் தசைகளை இயக்கும் நரம்பு முனைகளைச் சிதைக்கும். மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துபோகும். விஷ முறிவு மருந்து இரத்தத்தில் இன்னும் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். சிதைந்துபோன நரம்பு முனையை அது திருத்தாது. அது தானாக வளர வேண்டும். அதற்கு நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். அதுவரை இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஒன்பது நாட்கள் விட்டது.

என் துறையில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. அப்படிக் கிடக்கும் நோயாளிக்கு விரல் அசையாது, இமை திறக்காது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கலாம். மூளை செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவெடுத்துவிடாதீர்கள். அவருக்குக் காது கேட்கும். கட்டிலருகே நின்று பேசும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். இந்தப் பிள்ளை கண் விழித்தபின், நான்காம் நாள் தன் தாய் என்ன சொல்லி அழுதார் என்று எங்களிடம் சொன்னான்.

"நாங்களே அந்த மருந்தை வாங்கி எடுத்துப் போகலாமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். முடியாது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. கடுமையான ஒவ்வாமை அடிக்கடி வரும். அதை அடக்கும் அட்ரீனலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களே பயந்து பயந்துதான் ஏற்றுகிறோம். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். நீங்கள் கொண்டுவர வேண்டியது நேரத்தை மட்டும்தான்.

ஆகவே, போகிறவர்கள் கேளுங்கள். தரையில் படுக்காதீர்கள். அடித்துணி சேர்த்துத் தைத்த கூடாரத்துக்குள் படுத்து, வெக்கையானாலும் ஸிப்பை முழுதாக இழுத்து மூடுங்கள். மடக்குக் கட்டிலும், விளிம்பை மெத்தைக்கடியில் செருகிய நுளம்பு வலையும் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் டோர்ச், சப்பாத்து இரண்டும் வேண்டும். சப்பாத்தை உதறிப் போடுங்கள். ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும், அவருக்கு வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அருகிலுள்ள வைத்தியசாலை எது, எந்த இடத்தில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்பதை வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸின் இலக்கம் 1990. கடித்தது என்று சந்தேகம் வந்தாலே கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், விஷக்கல் தேடாதீர்கள், பாம்பைத் துரத்தாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரு நாள் வாட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம். யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம்.

கண்ட குளக்கரையில் கூடாரம் போடுவதையும் விடுங்கள். வஸ்கமுவ, வில்பத்து போன்ற பூங்காக்களுக்குள் முகாமிடுவதற்கென்றே இடங்கள் உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். அங்கே நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. இரவில் குளக்கரை யானைக்குச் சொந்தம். பழத்தையும் அரிசியையும் கூடாரத்துக்குள் வைத்துப் படுப்பது அதை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். முதுகில் பை சுமந்து நடக்கத்தான் ஆசை என்றால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள். ஆனால் அது 2,000 மீற்றருக்கு மேல். ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். நிலாவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் போர்வை அங்கே உதவாது.

இன்னுமொன்று. குளத்திலும் சேற்றிலும் இறங்கிவிட்டு வந்தவருக்கு ஓரிரு வாரங்களில் காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு என்று வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். வைத்தியரிடம் போனதும் "காட்டில் முகாமிட்டோம், குளத்தில் குளித்தோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நெரிசலில் நாங்கள் கேட்க மறந்துவிடுவதுண்டு.