கார் ஏன் ராத்திரியில் உட்கார்ந்துவிடுகிறது?

நண்பர் ஒருவர் போன வருடம் ஏழு வயதான ஜெர்மன் செடான் ஒன்றை வாங்கினார். புதிதாக இருந்தபோது அதன் விலையைக் கேட்டால் நமக்கெல்லாம் மூச்சு முட்டும். இவர் கொடுத்தது ஒரு புது நடுத்தர எஸ்யூவியின் விலைதான். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை போன் வந்தது. "கார் உட்கார்ந்திருக்கு. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், தூணை ஒட்டி நின்றிருந்தது. முன்பக்கம் இடது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைந்தது. வலது பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. டயரில் காற்று சரியாக இருந்தது. நண்பர் ஸ்டார்ட் செய்தார். எங்கோ அடியில் 'ர்ர்ர்' என்று ஒரு மோட்டார் ஓடியது. அரை நிமிடத்தில் வலது மூக்கு மெல்ல எழுந்தது, படுத்திருந்த மாடு எழுவது போல. (மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும் என்று கிராமத்துக்காரர்கள் திருத்துவார்கள். சரி.)

"அவ்வளவுதான், சரியாயிடுச்சு" என்றார் நண்பர். சரியாகவில்லை. அந்த 'ர்ர்ர்' சத்தம்தான் பிரச்சினையின் ஆரம்பம். ஏன் என்று புரிய, அந்தக் கார் எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது இரும்பு ஸ்பிரிங் மேல் நிற்கவில்லை, காற்றின் மேல் நிற்கிறது.

சொகுசு வண்டிக்கும் சாதா வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஸ்பிரிங்கில்தான் தொடங்குகிறது என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. அச்சின்மேல் பெட்டி நேராக உட்கார்ந்திருந்தால் கட்டை வண்டி. நடுவில் வில்போல் வளைத்த எஃகுப் பட்டைகளைக் கொடுத்தால் வில்வண்டி. மிராசுதார் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போனது வில்வண்டியில், நெல்மூட்டை போனது கட்டை வண்டியில். இன்றைக்கு லாரியின் பின் அச்சில் அடுக்கியிருக்கும் பட்டைகளும் அதே வில்தான். கார்களில் பெரும்பாலும் அதைச் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

ஸ்பிரிங் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை ஒரு எண்ணால் சொல்லலாம்: வண்டியை ஒரு முறை அமுக்கி விட்டால், விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட முயல்கிறது? ஸ்போர்ட்ஸ் காரில் அது ஏறக்குறைய இரண்டு. நல்ல சொகுசு செடானில் ஒன்றை ஒட்டி இருக்கும். ஒன்றுக்கு என்ன மகிமை? உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு விநாடிக்கு நான்கிலிருந்து எட்டு வரையிலான செங்குத்து ஆட்டம்தான் மிகவும் தொல்லை தரும். வயிற்றுக்குள் இருப்பவையெல்லாம் அந்த வேகத்துக்குத் தாளம் போடும். அதனால் அதற்கு வெகு கீழே இருப்பது நல்லது. அதற்காக அரைக்கும் கீழே போனால் படகில் போவது போல ஆகிவிடும், குமட்டும். ஆக, ஒன்று.

இங்கேதான் இரும்புக்கு ஒரு சங்கடம். பள்ளிக்கூடத்து இயற்பியலே போதும். வண்டியின் எடையால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அந்த அளவே ஆட்ட வேகத்தையும் முடிவு செய்துவிடும். விநாடிக்கு இரண்டு வேண்டும் என்றால் ஸ்பிரிங் சுமார் 6 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் போதும். விநாடிக்கு ஒன்று வேண்டும் என்றால் 25 சென்டிமீட்டர் அமுங்கி நிற்க வேண்டும். அதாவது, வண்டி காலியாக நிற்கும்போதே ஒரு ஜாண் அமுங்கியிருக்கிறது.

இப்போது பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றுங்கள். டிக்கியில் கல்யாண வீட்டுப் பெட்டிகளை அடுக்குங்கள். பின்பக்க ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே 900 கிலோ தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேலும் 300 கிலோ ஏறுகிறது. மூன்றில் ஒரு பங்கு சுமை கூடினால், அமுக்கமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 25 சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, எட்டுக்கும் மேல். பின்பக்கம் எட்டு சென்டிமீட்டர் தொங்கிவிடும். ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணைக் குத்தும். தெருமுனை வேகத்தடையில் அடிவயிறு உரசும். இதைத் தவிர்க்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால், டிரைவரும் முதலாளியும் மட்டும் போகிற மற்ற நாளெல்லாம் தூக்கிப் போடும். சாதாரணக் கார் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்தான். சொகுசுக் கார் வாங்குபவர் சமரசத்துக்காகவா அவ்வளவு பணம் கொடுக்கிறார்?

அதனால் இரும்பை எடுத்துவிட்டுக் காற்றை வைத்தார்கள். நார் இழைகள் பதித்த ரப்பர் உறை, மேலே ஒரு மூடி, கீழே ஒரு பிஸ்டன். உறையின் கீழ்முனை, பாதி கழற்றிய காலுறை போல உள்ளே மடிந்து பிஸ்டனின்மேல் உருளும். சக்கரம் மேலே வரும்போது மடிப்பு கீழே உருளும், இறங்கும்போது திரும்பி வரும். மெக்கானிக்குகள் இதை 'பெல்லோ' என்பார்கள். கொல்லன் பட்டறைத் துருத்திக்கு ஆங்கிலத்தில் உள்ள அதே பெயர்தான். தோற்றத்திலும் தூரத்து உறவு தெரியும்.

ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ, துருத்தியின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உள்ளே ஆறு பார் அழுத்தம் வேண்டும். சுமார் 90 பிஎஸ்ஐ. உங்கள் டயரில் இருப்பது 33 என்றால், ஏறக்குறைய மூன்று மடங்கு. மூன்று பேர் ஏறினால் என்ன ஆகும்? வண்டி தாழும். பம்ப் கொஞ்சம் காற்றை ஏற்றும். பழைய உயரம் திரும்பிவிடும்.

இதில் உயரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இரும்பு ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை பிறந்தபோது இருந்ததுதான், சாகும்வரை மாறாது. காற்றுக்கு அப்படியில்லை. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து அமுக்கிப் பார்த்திருப்பீர்கள், உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கை எதிர்ப்பை உணரும். அதே இடத்துக்குள் அதிகக் காற்றை அடைத்தால் ஸ்பிரிங் அந்த அளவுக்குக் கெட்டியாகும். சுமை கூடினால் கெட்டித்தன்மையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடுவதால், விநாடிக்கு ஒன்று என்ற அந்தத் தாளம் மாறுவதில்லை. காலியாகப் போனாலும், குடும்பத்தோடு போனாலும் ஒரே மெத்து. இரும்பால் இதைச் செய்யவே முடியாது.

சொகுசுக் காரில் ஏறாதவர்களும் இதை அனுபவித்திருப்பார்கள். நம் ஆம்னி பஸ்கள் சிலவற்றில் 'ஏர் பஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது இதைத்தான். நிறுத்தத்தில் நிற்கும்போது 'புஸ்' என்று வரும் சத்தங்களில் ஒன்று இந்தத் துருத்திகள் காற்றை விடுவது. பஸ்ஸில் கணினியே வேண்டாம். அச்சோடு ஒரு கம்பி கட்டியிருக்கும், பஸ் தாழ்ந்தால் கம்பி வால்வைத் திறக்கும், உயர்ந்தால் காற்றை வெளியே விடும். நாற்பது பேர் ஏறினாலும் இறங்கினாலும் படியின் உயரம் அப்படியே இருக்கும்.

காரில் இதைச் செய்யப் போய்ச் சூடுபட்டவர்கள் உண்டு. 1957-இல் கேடிலாக் நிறுவனம் எல்டொராடோ புரோம் என்ற காரில் நான்கு சக்கரத்துக்கும் காற்று கொடுத்தது. விலை 13,074 டாலர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது ஒரு வீட்டுப் பணம். காற்று கசிந்துகொண்டே இருந்ததால் பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். 1961-இல் மெர்சிடிஸ் 300 எஸ்இ, 1992-இல் ரேஞ்ச் ரோவர், 1998-இல் 'ஏர்மேட்டிக்' என்ற பெயரோடு எஸ்-கிளாஸ் என்று அது மெல்லத் திரும்பி வந்தது. இப்போது சில கார்களில் ஒரே துருத்திக்குள் இரண்டு மூன்று அறைகள் இருக்கின்றன. எல்லா அறையும் திறந்திருந்தால் காற்றுக்கு இடம் அதிகம், மெத்து. ஒன்றிரண்டை மூடினால் அதே காற்று சின்ன இடத்தில் மாட்டிக்கொள்ளும், கெட்டி. 'கம்ஃபர்ட்', 'ஸ்போர்ட்' பொத்தான்களுக்குப் பின்னால் நடப்பதில் ஒரு பங்கு இது. மறு பங்கு, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரின் எண்ணெய் வழியைச் சுருக்கி விரிப்பது.

சரி, நண்பரின் காருக்கு வருவோம்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் உயரத்தை அளக்கும் சின்ன சென்சார் ஒன்று. எந்தத் துருத்திக்குக் காற்று போக வேண்டும் என்று திறந்து மூடும் வால்வு பிளாக். மின்சார கம்ப்ரசர். அதோடு ஒட்டி ஒரு உலர்த்தி, புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் மணிகள், அந்த வகை மணிகள் நிரம்பியது. வெளிக்காற்று உள்ளே போகும்போது மணிகள் ஈரத்தை உறிஞ்சும். காரைத் தாழ்த்த காற்றை வெளியே விடும்போது, அந்த உலர்ந்த காற்று அதே மணிகள் வழியாகத் திரும்பி, ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். மூச்சு விடுவது போலத்தான், இழுத்தால் விட வேண்டும். விட்டால்தான் மணி காயும்.

இப்போது துருத்தியின் மடிப்பில் மயிரிழை அளவு வெடிப்பு வருகிறது. ஏழெட்டு வருடம் மடிந்து மடிந்து, தூசியும் ஓசோனும் தின்ற ரப்பர் அப்படித்தான் ஆகும். பகலில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஓட்டும்போது கசிகிற காற்றை கம்ப்ரசர் அவ்வப்போது நிரப்பிவிடுகிறது. ராத்திரி கம்ப்ரசர் தூங்கும், கசிவு தூங்காது. காலையில் கார் உட்கார்ந்திருக்கும்.

கசிவால் நேரும் கெடுதல் அந்த மூலையோடு நிற்காது. இந்த கம்ப்ரசர் எப்போதாவது சில விநாடி ஓடுவதற்காகச் செய்தது. உள்ளே எண்ணெய் கிடையாது, பிஸ்டனின் வளையம் உலர்ந்தபடியே உரசுகிறது. அதைத் தினமும் பத்து முறை, இருபது முறை ஓடவிட்டால் சூடேறும், வளையம் தேயும். காற்று உள்ளே மட்டுமே போய், உலர்த்தி வழியாகத் திரும்பாமல் வெடிப்பு வழியாக வெளியேறுவதால் மணிகள் காய வழியில்லை. ஊறிப்போன மணிகளைத் தாண்டி, நம் கடற்கரைக் காற்றின் ஈரமெல்லாம் வால்வு பிளாக்குக்குள் போய் உட்காரும், அரிக்கும். முதல் மாதத்திலேயே கவனித்தால் மாற்ற வேண்டியது ஒரு துருத்தி. ஆறு மாதம் "ஸ்டார்ட் பண்ணா எழுந்துடுது" என்று ஓட்டினால் துருத்தி, கம்ப்ரசர், வால்வு பிளாக் மூன்றும். நண்பர் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த 'ர்ர்ர்', கம்ப்ரசர் தன்னைத்தானே தின்னும் சத்தம்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சாக்பீஸ் எடுத்து, தூணில் நான்கு மட்கார்டின் உயரத்தையும் ராத்திரி எழுதி வைத்தோம். காலையில் ஸ்டார்ட் செய்யும்முன் மறுபடி அளந்தோம். வலது முன் ஏழு சென்டிமீட்டர் குறைவு, மற்ற மூன்றும் அப்படியே. ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த மூலையின் துருத்தியோ குழாயோதான். இரண்டு மூன்று சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்புறம் காரை உயர்த்தி, மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தார் மெக்கானிக். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்குவதும் இதுவும் ஒன்றுதான். கடுகளவு குமிழ்கள் வரிசையாக வந்தன.

"பெல்லோ போச்சு சார். அந்தப் பக்கமும் ரொம்ப நாள் தாங்காது" என்றார். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே பள்ளத்தில் இறங்கியவை, ஆகவே நியாயம்தான். முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். கம்ப்ரசருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் மாற்றச் சொன்னேன். சின்னக் காசு, ஆனால் அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா என்று நண்பர் கேட்டார். மாற்றலாம், அதற்குக் கிட்டும் விற்கிறார்கள். ஆனால் அந்தக் காரின் ஷாக், கணினி, உயரக் கணக்கு எல்லாம் காற்றை நம்பி எழுதியவை. அதை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது பெரிய என்ஜினோடு ஒரு சாதாரணக் கார், டேஷ்போர்டில் அணையாத விளக்கோடு.

பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு உபாயம் உண்டு. விற்பவரிடம் காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை காரைத் தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். பலரும் சாயங்காலம் போய், கழுவித் துடைத்து ஏசி போட்டு நிறுத்தியிருக்கும் காரைப் பார்க்கிறார்கள். அதற்குள் கம்ப்ரசர் எல்லா ரகசியத்தையும் மூடி மறைத்திருக்கும். குளிர்ந்த காரின் நான்கு மூலையையும் விரலால் அளந்து பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்குங்கள். ஏறுவதற்கு நிமிடக்கணக்கில் ஆனால் கம்ப்ரசர் களைத்திருக்கிறது. பஞ்சர் ஆனால் ஜாக்கி வைப்பதற்கு என்று தனியாக ஒரு மோடு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் போடாமல் தூக்கினால், கார் சாய்ந்துவிட்டது என்று நினைத்துக் கணினி தானாகச் சமன்செய்யப் பார்க்கும். அடியில் கை வைத்திருப்பவருக்கு அது ஆபத்து.

எஸ்யூவியா செடானா என்று கேட்பவர்களுக்கும் கணக்கு இதே இடத்தில்தான் பிரிகிறது. எஸ்யூவி உயரம், எடை அதிகம், வளைவில் சாயும். சாயாமல் இருக்க அதன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கெட்டியாக வைத்தாக வேண்டும். வெறும் மெத்துதான் வேண்டும் என்றால் தாழ்ந்த நீளமான செடான் எளிதாக ஜெயிக்கும். நம் ஊர் வேகத்தடையில் மட்டும் எஸ்யூவி ஜெயிக்கும், அதுவும் சின்ன விஷயமில்லை.

எதை வாங்கினாலும், பெரிய அலாய் சக்கரத்துக்கு ஆசைப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. பெரிய எஸ்யூவி ஒன்றுக்கு 265/50 ஆர் 19 டயர் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 50 சதவீதம், ரிம் 19 அங்குலம்) போட்டால் பக்கச்சுவர் 13 சென்டிமீட்டருக்கு மேல். அதே வண்டிக்கு 275/35 ஆர் 22 போட்டால் ஒன்பதரைதான். சாலையின் சின்னச் சின்ன அதிர்வை முதலில் விழுங்குவது அந்த ரப்பர் சுவர்தான். துருத்திக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் மெத்தையை வெட்டி எடுப்பானேன்? பள்ளத்தில் டயரின் பக்கச்சுவர் வெடிப்பதும் ரிம் வளைவதும் இந்த மெல்லிய டயர்களில்தான் அதிகம்.

நண்பரின் தூணில் அந்த சாக்பீஸ் எண்கள் இன்னும் இருக்கின்றன. அடுக்ககச் சங்கத்தில் யாரோ அழிக்கச் சொன்னார்களாம், இவர் விடவில்லை. மாதத்துக்கு ஒரு முறை ஞாயிறு காலை, காபிக்கு முன்னால், டேப்போடு கீழே இறங்குகிறார். போன வாரம் இடது பின் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தார்.

"ராத்திரி குளிர்ந்தா காத்து கொஞ்சம் சுருங்கும், அதுவா இருக்கலாம். அடுத்த வாரமும் அளந்து பார்" என்று பதில் போட்டேன்.