பிரசன்ட் பெர்ஃபெக்ட்: போயிருக்கிறேனா, போனதுண்டா?

வாசலில் ஒருவர் வந்து "அப்பா இருக்காரா?" என்று கேட்கிறார். "இல்லையே, மதுரைக்குப் போயிருக்கார்" என்கிறோம். வந்தவர் திரும்பிப் போகிறார். இன்னொரு நாள் அதே வீட்டில் மகள் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எந்தப் பேருந்தில் போவது என்று கேட்கிறாள். "அப்பாவைக் கேளு, அவர் மதுரைக்குப் போயிருக்கார்" என்கிறாள் அம்மா. அப்பா அடுத்த அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். வாக்கியம் ஒன்றுதான். முதல் தடவை சொன்னபோது அப்பா வீட்டில் இல்லை, இரண்டாம் தடவை இருக்கிறார். நாம் யாரும் இதில் குழம்புவதில்லை.

ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிடும். ஆள் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான்'. எப்போதோ போய் வந்தவர் என்றால் 'ஹேஸ் பீன்'. இரண்டுக்கும் இலக்கணத்தில் ஒரே பெயர், 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்'. பார்த்த ஊர், தின்ற பண்டம், பட்ட அடி என்று வாழ்க்கையில் நமக்கு நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்கும்போது இதைத்தான் கையில் எடுக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர் என்பது என் எண்ணம். மூன்று சொல், மூன்றும் ஆளை ஏமாற்றும்.

முதலில் 'பெர்ஃபெக்ட்'. "சட்டை பெர்ஃபெக்டா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, குறையில்லாதது என்ற பொருள்தான் நம் மனதில் நிற்கிறது. லத்தீனில் 'பெர்' என்றால் முழுக்க, கடைசி வரை. 'ஃபக்கெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து 'பெர்ஃபெக்டுஸ்', அதாவது செய்து முடிக்கப்பட்டது. முடிக்க வேண்டியபடி முடித்த வேலையில் குறை இருக்காது என்ற வழியில்தான் 'குறையற்றது' என்ற பொருள் அப்புறம் கிளைத்தது. இலக்கணக்காரர்கள் பழைய பொருளையே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக 'பர்ஃபிட்' என்ற உருவில் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அப்படித்தான் எழுதினார். லத்தீன் படித்தவர்கள் பின்னால் நடுவில் ஒரு 'சி' எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எழுத்தில் வந்தது நாளடைவில் நாக்கிலும் ஏறிவிட்டது.

'டென்ஸ்' என்ற சொல் காலம் என்று பொருள்படும் லத்தீன் 'தெம்புஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'டென்ஷன்' வேறு குடும்பம். இழுத்தல், விறைத்தல் என்ற பொருள் கொண்ட 'தெந்தெரே' அதற்கு மூலம். வகுப்பில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தது தற்செயல்தான்.

'பிரசன்ட்' என்பதற்கு நேர்ப்பொருள் முன்னால் இருப்பது. வருகைப் பதிவின்போது "பிரசன்ட் சார்" என்கிறோமே, அதே சொல். முடிந்துபோன செயலுக்கு எதற்கு 'முன்னால் இருப்பது' என்று பெயர்? மாணவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. பதில் 'ஹேவ்' என்ற சொல்லில் இருக்கிறது.

'ஹேவ்' என்றால் வைத்திருத்தல், உடைமையாகக் கொள்ளுதல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'நான் மீனைப் பிடித்திருக்கிறேன்' என்ற வாக்கியத்தின் அமைப்பு ஏறக்குறைய 'பிடிபட்ட மீன் என்னிடம் இருக்கிறது' என்பதுதான். 'பிடிபட்ட' என்பது மீனைச் சேர்ந்த அடைமொழி. மீனின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப அது விகுதி மாறுவதும் உண்டு. பிறகு மெல்ல மெல்ல அந்த அடைமொழி மீனை விட்டுப் பிரிந்து 'ஹேவ்' பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. உடைமை தேய்ந்து துணைவினை ஆனது. தமிழில் இந்த நடுக்கட்டத்தை இன்றைக்கும் பார்க்கலாம். "மீன் பிடித்து வைத்திருக்கிறேன்", "கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்." இதில் செயலும் முடிந்திருக்கிறது, பொருளும் கையில் இருக்கிறது.

போதல், வருதல், எழுந்திருத்தல் போன்ற வினைகளுக்குப் பழைய ஆங்கிலம் 'ஹேவ்' போடாமல் இருத்தல் வினையைப் போட்டது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இயேசு உயிர்த்தெழுந்த இடத்தில் 'ஹி இஸ் ரிசன்' என்றுதான் இருக்கும், 'ஹேஸ்' கிடையாது. 'ஹி இஸ் கம்' என்பதும் அப்படித்தான். நம் 'வந்திருக்கிறார்' போலவே வருதலும் இருத்தலும் சேர்ந்தது. அதை ஆங்கிலம் கைவிட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 'ஹேவ்' என்று ஆக்கிக்கொண்டது.

ஆக, செயல் பழையது, உடைமை இன்றையது. 'ஐ ஹேவ் சீன்' என்பவர் பார்த்த நாளைப் பற்றிப் பேசவில்லை, பார்த்தவராக இப்போது இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். அதனால்தான் 'பிரசன்ட்'. இந்த வடிவத்துக்குக் கிரேக்க இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் எனக்கு லத்தீன் பெயரைவிடப் பிடிக்கும். 'பராகெய்மெனோஸ்', பக்கத்தில் கிடப்பது. நடந்து முடிந்தது எங்கேயும் போய்விடவில்லை, கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'காலம் தாமே மூன்றென மொழிப' என்று தொல்காப்பியம் மூன்றோடு நிறுத்திக்கொண்டது. இந்த நுணுக்கங்களைத் தமிழ் துணைவினைகளிடம் விட்டிருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரு வடிவம் தமிழில் மூன்று நான்காகப் பிரியும். ஊர் வந்து இறங்கியதும் தொலைபேசியில் "வந்துட்டேன்" என்போம். வேலை ஒன்று தீர்ந்தால் "முடிச்சாச்சு". அனுபவம் என்றால் "பார்த்திருக்கேன்". கொஞ்சம் நிதானமாக, அல்லது எழுத்தில், "பார்த்ததுண்டு."

கடைசியாகச் சொன்ன 'உண்டு' மேல் எனக்கு ஒரு தனிப் பற்று. 'போயிருக்கிறார்' இரண்டு பொருள் தரும் என்று வாசலிலேயே பார்த்தோம். 'போனதுண்டு' அப்படி இல்லை. "அப்பா மதுரைக்குப் போனதுண்டு" என்று சொன்னால் அப்பா இப்போது மதுரையில் இருக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அச்சு அசல் 'ஹேஸ் பீன்'. 'போனது' என்பது தொழிலைக் குறிக்கும் பெயர். உள் என்பதோடு து சேர்ந்தது உண்டு. 'போன செயல் என் கணக்கில் உள்ளது' என்று விரித்துக்கொள்ளலாம். நான் போனதுண்டு, நீ போனதுண்டு, அவர்கள் போனதுண்டு என்று ஆள் மாறினாலும் உண்டு மாறுவதில்லை. காலம் காட்டும் இடைநிலையும் அதில் கிடையாது.

தமிழில் 'ஹேவ்' போல ஒரு வினை இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு, என்னிடம் பணம் இருக்கிறது என்றுதான் உடைமையைச் சொல்கிறோம். உடைமை சொல்லும் அதே இரு, அதே உண்டுதான் அனுபவம் சொல்லவும் வருகின்றன. வேறு வேறு குடும்பத்து மொழிகள் இரண்டும் பட்டதை எல்லாம் சொத்துக் கணக்கில் வரவு வைத்திருக்கின்றன.

எதிர்மறையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். "நீ காசிக்குப் போயிருக்கிறாயா?" என்று ஒருவர் கேட்டால் "போயிருக்கவில்லை" என்று யாராவது பதில் சொல்வோமா? "போனதில்லை" என்றுதான் வாயில் வரும். கேள்வி 'இரு'வில் வந்தாலும் மறுப்பு 'உண்டு' வீட்டுக்குத்தான் போகிறது. 'உண்டு' என்பதன் எதிர்ச்சொல் 'இல்லை' என்பதுதானே. ஒரு ஏகாரத்தைச் சேர்த்து "போனதே இல்லை" என்று சொல்லிவிட்டால் ஆங்கிலத்தின் 'நெவர்' முழுவதும் அந்த ஓர் எழுத்தில் அடங்கிவிடும். கேள்வியில் வரும் 'எவர்' என்பதற்கு "எப்பவாவது". ஒரு சின்ன எச்சரிக்கை: 'போனதுண்டு' அனுபவம், 'போவதுண்டு' பழக்கம். "நான் எப்போதாவது கடற்கரைக்குப் போவதுண்டு" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஹேவ்' வேண்டாம், சாதாரண நிகழ்காலம் போதும்.

இனி நாம் வழக்கமாகச் சறுக்கும் இடம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது இந்திய ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். நாள் சொன்னால் 'ஹேவ்' வராது என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஏன் வராது என்பதற்கு விளக்கம் கிடைத்த மாணவர்கள் குறைவு. தமிழில் தாராளமாக வரும் என்பதுதான் சிக்கலே. காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்து "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். "நேற்று வந்திருக்கிறான், நான்தான் வீட்டில் இல்லை" என்கிறோம். நேரில் பார்க்காததை, தடயத்தை வைத்தோ பிறர் சொல்லியோ அறிந்ததைச் சொல்லவும் தமிழ் 'இரு'வைப் பயன்படுத்துகிறது. அங்கே நேற்று, ராத்திரி எதுவும் தடையில்லை. அந்தப் பழக்கத்தில் 'ஹேவ்' பக்கத்தில் 'எஸ்டர்டே'யை உட்கார வைத்துவிடுகிறோம். ஆங்கில 'ஹேவ்' இன்று கையில் இருப்பதைச் சொல்வது. நாளைக் குறிப்பிட்ட உடனே பேச்சு அந்த நாளுக்குப் போய்விடுகிறது, அப்போது 'ஐ சா ஹிம்' என்ற இறந்தகாலம்தான் வேண்டும்.

நேர்முகத் தேர்வில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 'ஹேவ் யூ எவர் லெட் எ டீம்?' என்று ஆரம்பிப்பார்கள். 'யெஸ், ஐ ஹேவ்.' அதோடு 'ஹேவ்' வேலை முடிந்தது. அடுத்த வாக்கியமே 'இன் 2022, ஐ லெட் எ டீம் ஆஃப் ஃபைவ்' என்று இறங்கிவிட வேண்டும். அனுபவம் உண்டா என்பதற்கு ஒரு வடிவம், அது எப்போது, எப்படி நடந்தது என்பதற்கு வேறு வடிவம். பலர் முதல் கேள்வியின் 'ஹேவ்'வைப் பிடித்துக்கொண்டு கதை முழுக்க 'ஐ ஹேவ் டன், ஐ ஹேவ் டோல்ட்' என்று ஓட்டுவார்கள். தமிழில் நாமே அப்படிச் செய்வதில்லை. "ஊட்டிக்குப் போயிருக்கியா?" "போயிருக்கேன். காலேஜ்ல கூட்டிட்டுப் போனாங்க. ஒரே குளிரு, வெளியவே வரல." இரண்டாவது வாக்கியத்திலேயே 'இரு'வை இறக்கிவிட்டோம்.

இன்னொரு வேறுபாடு உண்டு, பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாதது. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். தமிழில் "பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்திருக்கிறார்" என்று எழுதினால் ஒரு நெருடலும் இல்லை. அதையே ஆங்கிலத்தில் 'ஹேஸ் லிவ்ட்' என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு அவர் இன்னும் உயிரோடு இருப்பதுபோலப் படும். 1921இல் மறைந்தவருக்கு 'லிவ்ட்' மட்டும்தான். அனுபவத்தை வைத்திருக்க ஆள் வேண்டும் அல்லவா! புதுச்சேரியை எழுவாய் ஆக்கினால் சிக்கல் இல்லை. அது பல கவிஞர்களைக் கண்டிருக்கிறது என்பதற்கு 'ஹேஸ் சீன்' போடலாம். ஊர் இருக்கிறதே.

இதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது? 'நிகழ்கால வினைமுற்று' என்று சொல்வாருண்டு. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ் வகுப்பில் வினைமுற்று என்றால் வந்தான், வருகிறான், வருவான் எல்லாமே. நிகழ்கால வினைமுற்று என்றால் 'வருகிறான்'. முதல் பாடவேளையில் அப்படிப் படித்த பிள்ளை அடுத்த பாடவேளையில் அதே பெயரில் 'ஹேஸ் கம்' படித்தால் யாரை நம்பும்? 'முற்று நிகழ்காலம்' என்றாலும் அதே சாயல்தான்.

'நிகழ்கால நிறைவு' நல்ல பெயர். நிறைவு விழா என்றால் முடிவு விழா. நிறை என்பது குறைக்கு எதிர்ச்சொல். முடிந்தது, குறையற்றது என்று 'பெர்ஃபெக்ட்' தாங்கும் இரண்டு பொருளையும் நிறைவு தாங்குகிறது. இப்படிப் பொருத்தம் அமைவது அபூர்வம். கடந்த காலத்துக்கு 'இறந்தகால நிறைவு', வருங்காலத்துக்கு 'எதிர்கால நிறைவு' என்று வரிசையும் கெடாமல் வரும்.

வாழ்க்கை அனுபவத்துக்கு வரும் பயன்பாட்டை மொழியியலாளர்கள் தனியாகப் பிரித்து 'எக்ஸ்பீரியன்ஷல் பெர்ஃபெக்ட்' என்கிறார்கள். பெர்னார்ட் காம்ரி 1976இல் வினைக்கூறு (செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்று வினை காட்டும் தன்மை) பற்றி எழுதிய நூலில் விளைவு, அனுபவம், தொடர்ந்து நீடிப்பது, சற்றுமுன் நடந்தது என்று நான்கு வகை காட்டினார். இந்த இரண்டாம் வகைக்கு அனுபவ நிறைவு எனலாம், எல்லோருக்கும் புரியும். எனக்கு 'பட்டறிவு நிறைவு' பிடித்திருக்கிறது. பட்டறிவு என்பதே பட்டு அறிந்தது. அதில் பட்டதும் இருக்கிறது, இப்போது அறிந்திருப்பதும் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் பேசும்போது இத்தனையும் வேண்டாம், 'உண்டு வாக்கியம்' என்று சொன்னால் போதும். தமிழில் 'அதுண்டு' போட்டுப் பார், பொருந்தினால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' போடு. 'நேற்று பார்த்ததுண்டு' என்று தமிழில் வராது, 'ஹேவ் சீன் எஸ்டர்டே'யும் வராது. 'இரு'வைவிட 'உண்டு' ஆங்கிலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சில இடங்களில் மட்டும் இந்தச் சோதனை காலை வாரும். விருந்துக்கு வந்தவரிடம் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்றால் அது "சாப்பிட்டாச்சா?" மட்டுமே. 'சாப்பிட்டதுண்டா' என்று கேட்டால் வந்தவர் முறைப்பார். ஆனால் கையில் பொட்டலத்தைப் பிரித்தபடி "திருநெல்வேலி அல்வா சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் அது 'ஹேவ் யூ எவர் ஈட்டன்'. அதற்குப் பதில் "இல்லையே, சாப்பிட்டதே இல்லை" என்று வந்தால் தட்டில் கொஞ்சம் கூடுதலாகவே விழும்.