கேட்டால் விதைத்துவிடுமா?

பிளஸ் டூ படிக்கும் மகன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "சாகணும்னு நினைக்கிறானோன்னு பயமா இருக்கு. நானே கேட்டு, இல்லாத எண்ணத்தை அவன் தலையில ஏத்திடக் கூடாதே?"

தாராளமாகக் கேளுங்கள். இந்தப் பயத்தையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை மேடலின் கூல்ட் என்ற ஆய்வாளரின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவின் வினாத்தாளில் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் மன உளைச்சல் எதுவும் இல்லை. முன்பே மனச்சோர்வில் இருந்தவர்களோ, கேட்கப்பட்ட பிரிவில் சற்று லேசாகவே இருந்தார்கள். 2005இல் வெளியான ஆய்வு இது.

ஏன் லேசானது? எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை ஒன்றைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்டது. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவருக்குக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டினார்கள். சில தடவை கீழே இரண்டு உணர்ச்சிச் சொற்கள்: எது பொருந்தும்? சில தடவை இரண்டு ஆட்பெயர்கள், ஒன்று ஆண், ஒன்று பெண்: எது பொருந்தும்? ஆட்பெயரைத் தேடியபோது, மூளையின் அபாயமணியான அமிக்டலா அடித்துக்கொண்டே இருந்தது. "கோபம்" என்ற சொல்லைத் தேடியபோது அதன் சத்தம் தணிந்தது. வலப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. சீசா பலகை மாதிரி, இது ஏற அது இறங்கியது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரை சொல்லவில்லை. உணர்ச்சிக்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்!

முகப்படம் வேறு, சாகும் எண்ணம் வேறு; இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஊகம். ஆனால் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பதினேழு வயதுப் பையனுக்குத் தானாக வருவது "ஒரு மாதிரி இருக்கு" வரைதான். கேட்பவர் அவனுக்கு அந்தச் சொல்லைக் கடன் கொடுக்கிறார்.

நாமோ "அச்சானியமாப் பேசாதே" என்று வாயை அடைக்கிறோம். எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்று வாழ்த்திவிடும் ததாஸ்து தேவதைக்குப் பயப்படும் வீட்டில் பிள்ளை யாரிடம் சொல்வான்? பரிகாரத்துக்குச் செலவழிப்பதில் பாதியைப் பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் வைக்கச் செலவிடலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

கேட்கும் விதம் முக்கியம். "அப்படியெல்லாம் நினைக்கலையே?" என்றால் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். "செத்துரலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஆமா" என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அரசின் உதவி எண்களான 14416 (மனநல உதவி) அல்லது 104க்குப் (தமிழக அரசின் மருத்துவ உதவி) போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம்.